பிறக்காத பிள்ளைக்கு ஒரு ஜெனரல் ஷிஃப்ட்

எங்களுக்குக் குழந்தை இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லிவிடுவார். டாக்டர் தெரியாதவர் ஒரு கோயிலைச் சொல்வார். இரண்டும் தெரியாதவர் எல்லாம் அவன் செயல் என்று மேலே கையைக் காட்டிவிட்டுப் போவார். வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம் என்கிற அடுத்த வாக்கியத்துக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் யாரும் இடம் வைத்ததே இல்லை. தப்பித் தவறி இடம் கிடைத்து நான் சொல்லிவிட்டாலும், பாவம், மனசைத் தேற்றிக்கொள்ள இப்படிப் பேசுகிறான் என்று முதுகைத் தடவிக் கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் எங்கள் கதையில் மர்மம் எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டு அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். தனக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் ஆசை எப்போதுமே இருந்ததில்லை, போகப் போக வந்துவிடும் என்று நம்பிக் கட்டிக்கொள்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு என்றாள். எனக்கும் இருந்ததில்லை என்றேன். அதற்கப்புறம் டீயில் சர்க்கரை தூக்கலாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். சின்ன வயதில் பட்ட அடி, வீட்டில் வறுமை, பரம்பரை வியாதி, உலகம் கெட்டுப்போச்சே என்கிற கவலை, ஒன்றும் கிடையாது. ஏதாவது ஒரு சோகம் இருந்திருந்தால் ஊர் எங்களை எப்போதோ மன்னித்திருக்கும். கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்கிறவனையே நம் ஆட்கள் காரணம் கேட்காமல் விடுவதில்லை. இது பிள்ளை விஷயம், விடுவார்களா?

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி நகரியத்தில்தான். அப்பா தெற்கே சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்றதும் அம்மாவோடு ஊருக்கே போய்விட்டார். எனக்கும் சுரங்கத்தில்தான் வேலை. வெட்டிய நிலக்கரியைச் சுமந்து வரும் நீளமான கன்வேயர் பெல்ட் நிற்காமல் ஓட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் செக்ஷன். மனைவி நகரியத்துப் போஸ்ட் ஆபீஸில் கவுண்ட்டரில் இருக்கிறாள். எங்கள் பிளாக்கில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஹால் இங்கே, சமையலறை அங்கே, பின்னால் ஒரு பலாவோ மாவோ. வீடுகள் ஒரே அச்சாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு பெண், ஒரு டூ வீலர். எங்களிடம் டூ வீலர் இருந்தது.

எங்கள் தோட்டத்துப் பலா வேரடியிலேயே காய்க்கிற ரகம். ஒருமுறை எதிர் வீட்டு அம்மாள் அதில் இருந்த காய்களை எண்ணிப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார், பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். மரத்துக்கு வேறு வேலை இல்லைங்க அக்கா, அதான் காய்க்கிறது என்று சொல்லி இவள் ஒரு பழத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பிளாக்கில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் இவளுக்கு முதல் அழைப்பு வந்துவிடும். கர்ப்பிணிக்கு வளையல் அடுக்கி முடித்ததும் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டு அனுப்புவார்கள். அடுத்தது இவளுக்குத் தங்குமாம். முதல் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தாள். மறுத்தால் பொறாமை என்றார்கள். உட்கார்ந்தால் ஏக்கம் என்றார்கள். கடைசியில், எப்படியும் பேசத்தான் போகிறார்கள், கலந்த சாதம் ஐந்து வகை போடுகிறார்கள், அதையாவது சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போக ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் அவளை என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். நாங்கள் ஒரே வயதுக்காரர்கள், ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். புருஷனை நீ என்கிறவளுக்குப் பிள்ளை எப்படித் தங்கும் என்று ஒரு கட்சி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே பிரச்சினை இரண்டு பேருக்கும் பொது என்றாலும் அவளுக்குக் கிடைத்தது பழி, எனக்குக் கிடைத்தது பரிதாபம். பரிதாபத்தில் என்ன கெடுதல் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு, இரண்டிலிருந்து இரவு பத்து, பத்திலிருந்து மறுநாள் ஆறு. வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும். ஆனால் எங்கள் செக்ஷனில், பெல்ட் உருளும் ரோலர்களை ரிப்பேர் பார்க்க ஜெனரல் ஷிஃப்டில் ஒரே ஓர் ஆளுக்கு இடம் உண்டு. காலை எட்டு மணிக்குப் போய்ச் சாயங்காலம் மனுஷனாக வீடு திரும்பலாம். கண்விழித்துக் கண்விழித்து வயிறு கெட்டுப்போன எங்களுக்கு அது சொர்க்கம். அந்தச் சொர்க்கத்துக்கு யாரை அனுப்புவது என்று எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்கு என்று எங்களுக்குள் ஒரு வழக்கம், அவ்வளவுதான். எங்கள் ஃபோர்மேன்தான் அதற்குப் பஞ்சாயத்து. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துக் குடும்பத்தில் வந்தவர், தங்கமான மனுஷர். நெஞ்சுவலி வந்தவருக்கு ஆறு மாதம், மகளுக்கு ப்ளஸ் டூ பரீட்சை என்றால் மூன்று மாதம், வீடு கட்டுகிறவருக்குக் கூரை போடும்வரை என்று அவர் பார்த்துச் சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

போன வருஷம் ஆடி மாதம் அந்த இடம் காலியானது. நான் கேட்கவே இல்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. ஒரு நாள் டீ நேரத்தில் ஃபோர்மேன் ஷிஃப்ட் சார்ட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் ஷிஃப்டையும் என் மனைவியின் ஆபீஸ் நேரத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குறித்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவன் வூட்ல இருக்கும்போது அது ஆபீஸ்ல இருக்குது. அது வரும்போது இவன் மைன்ஸ்ல இருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கும்போது ஒருத்தர் தூங்கிகினு இருக்காங்க. அப்புறம் புள்ள எங்கேருந்து வரும்?"

பத்து வருஷமாகப் பிள்ளை இல்லாததற்கு ஷிஃப்ட் சார்ட்டில் காரணம் கண்டுபிடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சிரிப்பு வந்தது. ஆனால் சுற்றி நின்ற ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மலச்சிக்கலுக்கும் ஷிஃப்ட்தான் காரணம், மாமியார் சண்டைக்கும் ஷிஃப்ட்தான் காரணம், இதற்கு மட்டும் இருக்கக் கூடாதா? வீட்டுக் கூரை போட வேண்டிய ஒருவர் தன் முறையை எனக்கு விட்டுக் கொடுத்தார். கூரை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம், நீ முதலில் பிள்ளையைப் பார் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து, அண்ணே, எங்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவே. அதை அவர்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், ஜெனரல் ஷிஃப்டில் என் டர்ன் வந்துவிட்டது என்றேன். இதுதான் பொய். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நகரியத்தையே சுற்றி வருவோம். பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு வாரம்கூடத் தவறாமல் ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டோம். என் வயிறும் சரியானது. நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதை நான் தினமும் தின்றேன். மாதம் ஒருமுறை ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விசேஷம் உண்டா என்று புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் மறுபடியும் தலையைக் குனிவேன்.

எங்கள் செக்ஷனில் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவருடைய மனைவி அந்த வருஷம் மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்பு காய்ச்சலில் இறந்துவிட்டார். ஒரே மகள், ஒன்பது வயது. மாமியார் வந்து கூட இருந்தார். தீபாவளி முடிந்ததும் அந்த அம்மாள் இன்னொரு மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியதாயிற்று, போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இவருடைய அம்மாவோ பக்கவாதம் வந்து அண்ணன் வீட்டில் படுத்த படுக்கை. அப்பாவும் மகளும் மட்டும் குவார்ட்டர்ஸில் தனியாக. அப்போதுதான் அவர் ஃபோர்மேனிடம் ஜெனரல் ஷிஃப்ட் கேட்டார்.

அவர் கேட்டபோது நான் பத்தடி தூரத்தில் ஒரு ரோலரில் பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் கஷ்டத்தைக் கேட்டுச் சட்டென்று முடிவு சொல்லிப் பழகிய ஃபோர்மேன் அன்று வெகுநேரம் யோசித்தார்.

"ஒம் பொண்ணு பொறந்து வளந்துகினு இருக்குது, அது எங்கியும் போயிடாது. இவன் சம்சாரத்துக்கு வயசு போயிகினு இருக்குது தம்பி. ஒரு புள்ள தங்கட்டும், மறுநாளே அந்த எடம் ஒனக்குத்தான்" என்றார்.

அவர் சரிங்க என்று தலையாட்டினார். திரும்பிப் போகும்போது என் பக்கத்தில் நின்று, சீக்கிரம் நல்ல சேதி வரட்டும்ணே என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். பேரிங் எப்போதோ கழன்றுவிட்டிருந்தது. நான் கழற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆக, பிறந்த பிள்ளையைவிடப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு முன்னுரிமை. அந்தப் பிள்ளை பிறக்கவே போவதில்லை என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன். அதற்கப்புறம் அந்தச் சிறுமியின் நாட்கள் எப்படிப் போயின என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை, ஷிஃப்ட் தெரிந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவர் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார், அவள் தானாக எழுந்து குளித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் பள்ளியிலிருந்து வந்து அவர் திரும்பும்வரை தனியாக இருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வந்து துணைக்குப் படுத்துக்கொள்வார், அவருக்கு முடிந்தால். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது காலையில் குறுகுறுக்கும், மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிவிடும். பொங்கல் கழியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, வருஷக் கடைசிப் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன், என்னவோ நான்தான் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி. பிறகு கோடை விடுமுறை வந்தது, அந்தப் பெண்ணைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தேன். ஜூனில் பள்ளி திறந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் நான் சீக்கிரம் வீடு வந்து, பலாப்பழத்தை அறுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி போஸ்ட் ஆபீஸிலிருந்து வந்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சில நாட்களாகச் சாயங்காலம் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாளாம். ஃபேன் இருக்கிறது, ஆட்கள் வந்து போகிறார்கள், கவுண்ட்டர் மூடுகிற வரை இருந்துவிட்டுப் போகிறாள். நீளமான முடி, இரட்டைப் பின்னல், இரண்டும் கோணலாக. இன்றைக்குக் கூட்டம் இல்லாததால் கூப்பிட்டு விசாரித்திருக்கிறாள். அம்மா இல்லை, அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றாளாம். அப்படியானால் ஜெனரல் ஷிஃப்ட் கேட்கலாமே என்று இவள் சொல்லியிருக்கிறாள், ஷிஃப்ட் பற்றி எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை என் மனைவி அப்படியே, அந்தக் குரலிலேயே சொன்னாள்.

"அந்த எடத்துல ஒரு அங்கிள் இருக்காரு ஆன்ட்டி. அவங்களுக்குப் பாப்பா பொறக்கணும். பொறந்ததும் அப்பாக்குத் தந்துடுவாங்க. பாப்பா பொறக்க இன்னும் எவ்ளோ நாள் ஆகும் ஆன்ட்டி?"

எந்த செக்ஷன் என்று கேட்டதும் அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் செக்ஷனில் ஜெனரல் ஷிஃப்டில் எத்தனை பேர் என்று மனைவி என்னைக் கேட்டாள். ஒருவர்தான் என்றேன். என் இரண்டு கையும் பிசினும் எண்ணெயுமாக இருந்தன, முகத்தைக்கூட மூடிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட்டில் போட்ட பென்சில் கோடு, கூரை போடாத வீடு, பத்தடி தூரத்தில் பேரிங், எல்லாம். அவள் கடைசி வரை கேட்டாள்.

"எனக்குக் கெட்ட பேரு, உனக்கு ஜெனரல் ஷிஃப்ட். நல்லா இருக்கு" என்றாள்.

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். கையை நீட்டி நிறுத்தினாள். மலடி என்று என்னைச் சொன்னபோதெல்லாம் சிரித்துவிட்டு வந்தேன், அது பொய் என்று எனக்கும் உனக்கும் தெரியும் என்கிற தைரியம், நீ என்னடாவென்றால் அந்தப் பொய்யின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். எனக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் யார் பிள்ளையும் எப்படியும் போகட்டும் என்று அர்த்தமா, அதைத்தானே ஊரில் எல்லாரும் நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள், அதை நீ உண்மையாக்கிவிட்டாயே என்றும் கேட்டாள். சொல்லும்போது குரல் உடைந்தது. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேச்சுக்கு அழாதவள். எனக்கு வெட்கமாக இருந்தது, இந்தத் தடவை நிஜமான வெட்கம். நாளைக்கே போய்ச் சொல்லிவிடு என்று எழுந்து போனாள்.

மறுநாள் வேலை முடிந்து ஃபோர்மேன் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். எங்களுக்குப் பிள்ளை வேண்டாம் அண்ணே, இந்த இடத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சோப்புக் கையோடு அப்படியே நின்றார்.

"டாக்டரு கைய விரிச்சிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டாக்டரிடமே போகவில்லை அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு என்றேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், புரிகிறது என்றார். இல்லை அண்ணே, புரியவில்லை என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தாய் இல்லாத பெண்ணுக்காக உன் வம்சத்தையே விட்டுக் கொடுக்கிறாயே, இந்த மனசு யாருக்கு வரும் என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள், எனக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது. மூன்றாவது தடவை நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். என்னைப் பார்த்து ஒரு பெரிய மனுஷர் அழுகிறார், கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே இடம் மாறியது. அவர் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போனார், நான் பழையபடி சுற்றுக்கு வந்தேன். ஆனால் பழைய ஆளாக இல்லை. கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டார்கள். கூரை போடாதவர் ஏதோ ஒரு கோயில் விபூதியை என் நெற்றியில் அவரே பூசினார். பிளாக்கிலும் செய்தி பரவியது. எதிர் வீட்டு அம்மாள் என் மனைவியை நிறுத்தி, உன் வீட்டுக்காரர் தெய்வம், அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு குறை வந்திருக்க வேண்டாம் என்றாராம். குறை என்றபோது அவளை மேலிருந்து கீழே பார்த்தாராம். நான் செய்த தப்புக்கு எனக்குத் தியாகி பட்டம், அவளுக்குப் பழைய பட்டம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. ஏன் இப்படி ஆகிறது என்று அவளிடமே அங்கலாய்த்தேன். நீ சரியாகச் சொல்லியிருக்க மாட்டாய் என்றாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். பெஞ்ச் நாலு நாளாகக் காலியாக இருக்கிறது, அதுவரைக்கும் சரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குறிஞ்சிப்பாடிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சலவைச் சட்டை, கையில் காடாம்புலியூர் முந்திரிப் பொட்டலம். மகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பொட்டலத்தை என் மனைவியிடம் கொடுத்து, அண்ணி, வாங்கிக்கணும் என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் கேட்டிலேயே நிற்கிறாள், இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், அவளே தோசை வார்க்கிறேன் என்று அடம் பிடித்துக் கல்லில் ஒட்ட வைத்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"எம் பொண்ணு முருகன் கோயில்ல வேண்டிகினு வந்திருக்குதுங்க. அந்த அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் பாப்பா பொறந்தா மொட்டை போட்டுக்கறேன்னு. முடி மேல அதுக்கு உசுரு அண்ணி. அவங்க அம்மா பின்னி விட்ட முடி."

மனைவி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் தலையைக் குனிய வழி இல்லை. நான் சொன்னேன். இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். டாக்டர் இல்லை, குறை இல்லை, தியாகம் இல்லை. எங்களுக்குப் பிள்ளை வேண்டாம், கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்த முடிவு, அதனால் அந்த வேண்டுதல் வேண்டாம், உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லி முடித்துவிட்டு, வழக்கமாக வருவதற்காகக் காத்திருந்தேன். பாவம் என்பாரா, பாவி என்பாரா, வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்பாரா?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஒங்க இஷ்டம்ணே. பெத்துக்கறதும் வேணாங்கறதும் அவங்கவங்க வூட்டு விஷயம். அடுத்தவங்க சொல்ல என்னா இருக்குது?" என்றார்.

பதினோரு வருஷத்தில் எங்களிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். பெற்றோர் சொல்லவில்லை, கூடப் பிறந்தவர்கள் சொல்லவில்லை, படித்தவர்கள் சொல்லவில்லை. எனக்கு எழுந்து போய் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மனைவியின் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாய் காபி சாப்பிடுங்கள் என்று எழுந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்ப இந்த எட்டு மாசம் எம் பொண்ணு தனியா கெடந்துச்சேங்க. அது எதுக்குண்ணே?"

சமையலறை வாசலில் என் மனைவி நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கேக்குறாருல்ல" என்றாள். "சொல்லு."